மேசையோரம் எழுதிக்கொண்டிருந்தவள்

அல் ஐன்
6 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மலரில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மேசைக் கால். படத்தின் வலது ஓரத்தில் தரையில் ஊன்றி நிற்கிறது. மேலே மேசை இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ரூவியிலிருந்து சரக்கு வண்டியில் வேலுச்சாமி அண்ணன் நேற்றுக் கொண்டுவந்த ஊர்ச் சங்க ஆண்டு விழா மலரைத்தான் சொல்கிறேன். நம் கட்டுரை வந்த பக்கத்தை உம்மாதான் தேடிப் பிடித்தார்கள். "மாப்பிள்ளை போட்டோவை எவ்வளவு பெருசாப் போட்டிருக்காங்க பாரு" என்று என்னிடம் நீட்டினார்கள். நான் போட்டோவுக்குக் கீழே இருந்த படத்தைப் பார்த்தேன்.

அது நான் பார்த்து வரைந்த படம். பாரிஸில் லவாசியே என்ற விஞ்ஞானி மனிதர்களின் மூச்சை ஆராய்ந்த அறை. முகமூடி கட்டிய ஒருவர் உட்கார்ந்து குழாய் வழியாக மூச்சு விடுகிறார். மற்றவர்கள் சுற்றி நிற்கிறார்கள். வலது ஓரத்தில் மேசை போட்டு லவாசியேயின் மனைவி மரி ஆன் குறிப்பு எழுதுகிறார். அசல் படத்தை வரைந்தவரும் அவர்தான். எழுதிக்கொண்டிருக்கும் தன்னைத் தானே தள்ளி நின்று பார்த்து வரைந்திருக்கிறார். "அந்தப் பெண்ணை மட்டும் நன்றாக வரை, மற்றவர்கள் எப்படி வந்தாலும் சரி" என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

அவரைக் காணவில்லை. அச்சகத்தில் இடம் போதாமல் வெட்டிவிட்டார்களா?

இன்னொன்று கேட்க வேண்டும். கூச்சமாக இருக்கிறது. கட்டுரையின் மேலே உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஆங்கிலப் பக்கங்களை அகராதியை வைத்துக்கொண்டு நோன்பு காலத்திலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரை தமிழாக்கினேன். உம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் நின்றவள் நான். எனக்கு எங்கே வரும் என்று பயந்தேன். "இரண்டு பேர் யோசித்து எழுதுகிறோம், இரண்டு பேர் பெயரும் வரும்" என்று நீங்கள் எழுதிய பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

லவாசியேக்கு ஆங்கிலம் வராது. அவருக்காக மரி ஆன் கற்றுக்கொண்டு, ஆங்கிலக் கட்டுரையைப் பிரெஞ்சில் பெயர்த்து, அதை எழுதியவர் தவறிய இடங்களைத் தன் குறிப்பில் சுட்டிக்காட்டினார். அந்தப் பத்தியும் மலரில் இல்லை. "கணவரின் பணிக்குப் பக்கபலமாக விளங்கினார்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை.

நம் நிச்சயத்தன்று வாப்பா, "போன் பேச்செல்லாம் நிக்காஹ்க்கு அப்புறம். எழுதுறதுன்னா எழுதிக்குங்க, படிப்பு விஷயந்தானே" என்றார்கள். இல்லையென்றால் நேற்றே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். கேட்டிருக்க மாட்டேன். எழுதும்போதுதான் எனக்குக் கேள்வி வருகிறது.

மாஹிரா


ரூவி
11 அக்டோபர் 2024

என் அறிவுத் துணைக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முதலில் சந்தோஷச் செய்தி. விழாவில் நம் கட்டுரையை மேடையில் பேசினேன். கைதட்டல் ரூவி டாக்ஸி ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கடையில துணி கிழிக்கிற ஆளா நீங்க? நம்பவே முடியலை" என்றார். பகலில் துணிக்கடை, மாலையில் தபால் வழி எம்.ஏ. என்று ஓடுகிறவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

படத்தை வெட்டியது அச்சகம் இல்லை. நான்தான். என் ரூம்மேட் அப்துல் ஹாதி காக்காதான் மலர்க் குழுத் தலைவர். ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, "தம்பி, மலர்ல பொம்பளைப் படம் போடுறதில்லைனு தெரியும்ல" என்றார். "காக்கா, அவ செத்து இருநூறு வருஷம் ஆகப் போவுது" என்றேன். "செத்தாலும் பொம்பளைதானே" என்றார். ரூமே சிரித்தது. சண்டை போட்டால் கட்டுரையே வராது. ஒரு மேசையை விட்டுக்கொடுத்தேன். கால் மிஞ்சியதை நீ ஒருத்திதான் கவனித்திருக்கிறாய். அதுதான் என் மாஹிரா.

பெயர் விஷயத்தில் கோபப்படாதே. நிக்காஹ் ஆகாத பெண்ணின் பெயர் நாலு ஆம்பளைகள் கையில் புரள வேண்டுமா? மலரை விரித்து அதன் மேல் சாப்பாடு வைத்துச் சாப்பிடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். உன்னை மறைத்து வைத்தது உன் மேல் உள்ள மரியாதையால்தான்.

ஆனால் ரூமில் எல்லோருக்கும் உண்மை தெரியும். உன் கடிதம் வந்தால் எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். நான் வாசிப்பேன். உனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், "விஞ்ஞானி மச்சி" என்று. லவாசியே செய்ததை நீயும் செய்து பார்த்தாயே, உட்கார்ந்திருக்கும்போதும் மாடிப்படி ஏறிய பிறகும் உன் மூச்சையும் நாடியையும் எண்ணி எழுதினாயே, அந்தக் கடிதம்தான் சூப்பர் ஹிட். ஹாதி காக்கா தலையில் துண்டைப் போட்டு, கழுத்தில் விரலை வைத்து, மூச்சு வாங்கி வாங்கி "மச்சான், ரொம்பத் துடிக்குது மச்சான்" என்று நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த வேலை. நியூட்டனைப் பிரெஞ்சில் பெயர்த்த எமிலி என்ற பெண்மணியைப் பற்றிய பக்கங்களை இணைத்திருக்கிறேன். துபாய் சங்கத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் முடிப்பாயா?

உன்
யஹ்யா


அல் ஐன்
17 அக்டோபர் 2024

மச்சான்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் குளியலறைக்குப் போய்க் கழுத்தைக் கழுவினேன். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினேன். தோல் எரிந்தது. வெளியே வந்தபோது உம்மா, "என்ன, பல்லி விழுந்துச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அந்தக் கடிதத்தை நான் எப்படி எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியாது. துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து, படியில் உட்கார்ந்து கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். பிறகு கீழிருந்து மேலே ஓடினேன். வேலை செய்கிற உடம்புக்கு அதிகக் காற்று வேண்டும் என்று அவர்கள் கண்டுபிடித்ததை என் உடம்பிலேயே பார்த்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களிடம் மட்டும் சொன்னேன். அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு பெண் தன் மூச்சைப் பற்றி எழுதுவது சரியா என்று யோசித்தேன். ஆராய்ச்சிதானே, நாம் இருவரும் சேர்ந்து செய்வதுதானே என்று அனுப்பினேன்.

என் மூச்சை எட்டு ஆண்கள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நானாக நடித்திருக்கிறார். நீங்கள் அதை எனக்கே எழுதுகிறீர்கள், எனக்கும் சிரிப்பு வரும் என்று நினைத்து. என்னால் அதைத்தான் விழுங்க முடியவில்லை.

பெயரை அச்சில் போட்டால் என் மானம் போய்விடும். கடிதத்தை ரூமில் வாசித்தால் போகாது. இது என்ன கணக்கு மச்சான்?

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் ஆணத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது. எமிலி பக்கங்களைத் திறக்கவில்லை. பழைய கடிதங்களை எல்லாம் வேலுச்சாமி அண்ணனிடம் திருப்பி அனுப்புங்கள்.

மாஹிரா


ரூவி
25 அக்டோபர் 2024

மாஹிரா,

கடிதங்களை அனுப்ப முடியாது. அவை எனக்கு வந்தவை.

ரூமில் ஒருத்தனும் உன்னைத் தப்பாகப் பேசவில்லை. நாங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அடுக்குக் கட்டிலில் கிடப்பவர்கள். யாருக்குக் கடிதம் வந்தாலும் எல்லோருக்கும் வந்தது மாதிரிதான். ஹாதி காக்காவின் மனைவி அனுப்பும் வாய்ஸ் மெசேஜையும் நாங்கள் எல்லோரும்தான் கேட்கிறோம். தனியாக அறை வைத்து வாழ்கிற உனக்கு இது புரியாது.

ஒன்பதாவது படித்த பெண்ணுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று என் உம்மா கேட்கிறார்கள். நான் உனக்காகத்தான் பேசினேன். அந்த ஆங்கிலப் பக்கங்களை உன் கையில் கொடுத்தது யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

பெயர், பெயர் என்கிறாய். டிசம்பர் இருபதாம் தேதி நம் நிக்காஹ்க்கு உன் வாப்பா அடித்த பத்திரிகையை எடுத்துப் பார். என் பெயர் இருக்கிறது, என் வாப்பா பெயர், உன் வாப்பா பெயர், மாமாக்கள் பெயரெல்லாம் இருக்கிறது. உன் பெயர் எங்கே? "எனது மூத்த மகளை" என்று இருக்கிறது. அதைப் பார்த்து உனக்கு ஏன் குமட்டவில்லை?

யஹ்யா


அல் ஐன்
8 நவம்பர் 2024

மச்சானுக்கு,

நீங்கள் சொன்னது சரி. பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். கட்டுக் கட்டாக என் அலமாரிக்கு மேலேதான் இருந்தது. உறையில் விலாசம் எழுதியதே நான்தான். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் காட்டிய பிறகு அதையும் தொடப் பிடிக்கவில்லை.

வாப்பா கடையிலிருந்து சாப்பிட வந்தபோது கேட்டேன். நான் வாப்பாவிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"வாப்பா, பத்திரிகையில என் பேரு இல்லையே."

"இருக்கே, மூத்த மகள்னு."

"அது பேரா வாப்பா?"

வாப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "நம்ம ஊருல எவன் பொம்பளைப் புள்ள பேரு போட்டு அடிச்சான்? உங்க உம்மா பேரு எந்தப் பத்திரிகையில வந்துச்சு?"

உம்மா அடுப்படியிலிருந்தே, "ஏன், எமிரேட்ஸ் ஐடியில வந்துச்சுல்ல. பத்ருன்னிசானு பெருசா. போட்டோ கூட இருக்கு. அதைக் கொடுத்திருந்தா பத்திரிகைச் செலவு மிச்சம்" என்றார்கள்.

வாப்பா சிரித்துவிட்டார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு வாப்பா மெதுவாக, "யஹ்யா என் கூடப் பிறந்த ஜுலைஹா மவன். உனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கிற மாப்பிள்ளை ஊர் உலகத்துல எங்கே கிடைக்கும்? ஜுலைஹா மனசு நோகுற மாதிரி எதையும் ஆரம்பிச்சு வைக்காதே" என்றார்கள்.

உங்களோடு வாழ எனக்கு ஆசை இருந்தது மச்சான். அதை மறைக்கவில்லை. காற்றுக்கு எடை உண்டா என்று நான் கேட்டபோது சிரிக்காமல், "தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன்" என்று பதில் போட்டது நீங்கள் ஒருவர்தான். அந்த "தெரியவில்லை" என்ற சொல்லுக்காகத்தான் இந்தச் சம்பந்தத்துக்கு நான் தலையாட்டினேன். அதன் பிறகு அந்தச் சொல் உங்கள் கடிதம் எதிலும் இல்லை.

நீங்கள் கட்டுரையிலிருந்து வெட்டிய கடைசிப் பகுதி நினைவிருக்கிறதா? லவாசியேயைப் புரட்சிக்காரர்கள் தலையை வெட்டிக் கொன்ற பிறகு மரி ஆன் பல வருடம் தனியாக இருந்து இன்னொரு விஞ்ஞானியை மணந்தார். அவரும் அறிவாளிதான். ஒருநாள் மனைவி அழைத்த விருந்தாளிகள் உள்ளே வராமல் வெளிக்கதவைப் பூட்டிவிட்டார். மரி ஆன் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் அவருடைய பூச்செடிகளில் ஊற்றினாராம். இது தேவையில்லாத பகுதி என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

நான் ஒன்று கேட்கிறேன். நவம்பர் கடைசியில் உங்கள் சங்கக் கூட்டம் இருக்கிறதென்று வேலுச்சாமி அண்ணன் சொன்னார். அதே மேடையில் அதே ஆட்கள் முன்னால், இதை மாஹிராவும் நானும் சேர்ந்து எழுதினோம் என்று சொல்லுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். அதைச் சொல்லிவிட்டால் இருபதாம் தேதிக்கு நான் மனதோடு தயாராகிறேன். சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாஹிரா


ரூவி
30 நவம்பர் 2024

என் அன்பு மாஹிராவுக்கு,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். கேட்டதற்கு மேலும் செய்துவிட்டேன்.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். ஹாதி காக்காவிடம் மைக்கை வாங்கி நடுவில் போய் நின்றேன். "பெரியோர்களே, போன மாதம் நீங்கள் பாராட்டிய அந்தக் கட்டுரைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார்" என்று ஆரம்பித்தேன். "அவர் என் மாமன் மகள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். நாலு பேர் முன்னால் பேசவே தெரியாதவர். அந்தப் பிள்ளையின் கையில் நான் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். கடிதம் கடிதமாகச் சொல்லிக் கொடுத்தேன். இன்று அவர் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் எழுதுகிறார். நம் வீட்டுக் குமருகள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்தால் இந்தச் சமுதாயம் எங்கே போகும்?" என்றேன். பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹாதி காக்கா எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். மூச்சுக் கடிதத்தை நடித்த அதே ஆள்.

அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். சங்கம் முதன்முதலாகக் கொடுக்கப் போகிற "பெண் கல்விக் காவலர்" ஷீல்டு எனக்குத்தான். பெயரை மட்டும் சொல்லவில்லை. என் மாமன் மகள் என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரியும்தானே. வீடியோ குடும்ப குரூப்பில் வந்திருக்கும், பார்.

இப்போது சந்தோஷமா? நிக்காஹ்க்குப் பிறகு நீ எழுது, நான் பேசுகிறேன். லவாசியேக்குக் கூட இப்படி அமைந்திருக்காது. எமிலி கட்டுரையை மறந்துவிடாதே, துபாய்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன்
யஹ்யா


அல் ஐன்
19 டிசம்பர் 2024, வியாழன்

மச்சான்,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் வாப்பாவின் போன் உங்களுக்கு வந்திருக்கும். என்ன நடந்தது என்று தெரிந்திருக்கும். ஏன் என்பதை நான்தான் எழுத வேண்டும். கல்யாணச் சாமானை இறக்கிவிட்டு வேலுச்சாமி அண்ணன் கீழே வண்டியில் காத்திருக்கிறார். "நேரமாவுது பாப்பா, பார்டர்ல கியூ நிக்கும்" என்று ஒரு முறை குரல் கொடுத்துவிட்டார்.

வீடியோவை உம்மாவின் போனில் எல்லோரும் பார்த்தோம். வாப்பா கண் கலங்கினார்கள். ஜுலைஹா மாமி, "எம் மவன் உன்னை எங்கே தூக்கி வச்சிருக்கான் பாத்தியா" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். தம்பிகள் இரண்டும் சோபாவில் ஏறி நின்று கை தட்டின. எனக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே, அப்படி. எழுந்து போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. அந்த ஊறல் மட்டும் இன்றுவரை போகவில்லை.

ஏன் இவ்வளவு அருவருப்பு என்று நிறைய யோசித்தேன். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் இப்படி வந்திருக்காது. மேடையில் சொன்னது எல்லாம் நல்ல சொல். நான் படியில் ஓடி எண்ணியதும், அகராதியோடு மல்லுக்கட்டியதும், லவாசியே கணக்கை நீங்கள் தப்பாகப் புரிந்து எழுதிய இடத்தை நான் திருத்தி அனுப்பியதும் எல்லாம் நீங்கள் எனக்குச் செய்த உபகாரமாக மாறிவிட்டது. அதற்கு ஷீல்டும் கொடுத்துவிட்டார்கள். அதைச் சொன்னபோது உங்கள் முகத்தை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. நீங்கள் அதை நம்புகிறீர்கள். நம்புகிற ஆளை நான் எப்படித் திருத்துவது? ஒரு வீட்டில், ஒரு அறையில், காலம் முழுக்க அந்த முகத்தின் எதிரில் உட்கார்ந்து உங்களுக்காக நான் எழுத வேண்டும். நீங்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, எப்படிப் பேசினேன் என்று கேட்பீர்கள். நான் நன்றாக இருந்தது என்பேன். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

எமிலி பக்கங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தமிழாக்கவில்லை. படித்தேன். வயிற்றில் பிள்ளையோடு, பிறப்பதற்குள் முடிக்க வேண்டுமென்று எழுதி முடித்திருக்கிறார். பிள்ளை பிறந்து சில நாளில் இறந்துபோனார். இதை யாருடைய மேடைக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

காலையில் நடந்ததை வாப்பா உங்களுக்கு எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்கிறேன்.

நிக்காஹ்க்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும் அல்லவா? நாளை கூட்டமாக இருக்கும் என்று வாப்பா அதை இன்றே வைத்துக்கொண்டார்கள். பக்கத்து ஃபிளாட் மதீனா பீவி மாமி வந்து என் தலையில் துப்பட்டாவை இழுத்து விட்டு, "நீ ஒண்ணும் பேச வேணாம் புள்ள. தலையைக் குனிஞ்சிட்டு இரு. குமரு பேசாம இருந்தாலே சம்மதம்தான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். உம்மா, "இவ எங்கே பேசப் போறா" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வாப்பா இரண்டு சாட்சிகளோடு அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் மதீனா மாமியின் மாப்பிள்ளை, இன்னொருவர் பள்ளிவாசல் லெப்பை. லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டார். வாப்பா உங்கள் பெயரையும் மாமாவின் பெயரையும் நீங்கள் எனக்குத் தருவதாகப் பேசிய மஹர் தொகையையும் முறையாகச் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார்கள். கேட்கும்போதே திரும்புவதற்குக் காலை எடுத்துவிட்டார்கள். யாரும் பதிலுக்காக நிற்கவில்லை. லெப்பை, "அல்ஹம்துலில்லாஹ், வெட்கம், பேச வரலை" என்றார். மதீனா மாமி என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். வாப்பாவின் செருப்புச் சத்தம் ஹாலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நான் துப்பட்டாவை முகத்திலிருந்து ஒதுக்கினேன். எழுந்து ஹாலுக்குப் போனேன். வாசல் கதவில் கை வைத்துவிட்ட சாட்சிகளைத் தாண்டி வாப்பாவின் எதிரில் நின்று, "எனக்குச் சம்மதம் இல்லை வாப்பா" என்று மூன்று பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.